எழுதுகிறவர்கள் வேறு, கேட்கிறவர்கள் வேறு

புதிதாகப் பாட்காஸ்ட் ஆரம்பிக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, எந்த மைக் வாங்கலாம் என்பது. இரண்டாவது, காசு வருமா. வருகிற பின்னூட்டத்தை எப்படிப் படிப்பது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் நடத்த ஆரம்பித்த பிறகு வாரம் முழுக்கத் தலையைத் தின்பது அதுதான்.

நாங்கள் திருப்பூரிலிருந்து நடத்துகிறோம். மூன்று பேர். அரசியலுக்கு ஒரு நண்பர், தொழிலுக்கு நான், விளையாட்டுக்கு என் சித்தி மகன். பகலில் நான் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர் ஒருவரின் துணிக் குடோனில் உட்கார்ந்து பதிவு செய்வோம். நாலு பக்கமும் துணி ரோல் அடுக்கியிருப்பதால் எதிரொலி எட்டிப் பார்க்காது; வாடகை கொடுத்து எடுக்கும் ஸ்டுடியோவில்கூட இவ்வளவு சுத்தமாகக் குரல் விழாது. சுமார் ஒரு மணி நேரம். முதலில் அரசியல், அப்புறம் தொழில், கடைசியில் விளையாட்டு. பின்னூட்டத்தைப் படிப்பதும் பதில் சொல்வதும் என் பொறுப்பு. மற்ற இருவருக்கும் அந்தப் பொறுமை இல்லை, அல்லது இல்லாதது போல நடிக்கிறார்கள்.

எல்லோரையும் போல நாங்களும் யூடியூப் கமெண்ட்டில் இருந்துதான் ஆரம்பித்தோம். அங்கே வருவதில் பெரும்பகுதி அரசியல். அதை மட்டும் பார்த்தால், நம்மைக் கேட்கிறவர்கள் எல்லாம் அரசியலுக்காகத்தான் வருகிறார்கள் என்று தோன்றும். ஆனால் யூடியூப் ஸ்டுடியோவில், எந்த நிமிடத்தில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று காட்டும் கோடு ஒன்று உண்டு. அது சொன்னது வேறு. அரசியல் பகுதியில் கோடு சரசரவென்று இறங்கும். தொழில் ஆரம்பிக்கிற நிமிடத்தில் ஒரு மேடு. முதல் பகுதியைத் தள்ளிவிட்டு நேராக அங்கே வந்து இறங்குகிறவர்களால் எழுந்த மேடு அது. அவர்களில் யாரும் ஒரு வரி எழுதியதில்லை.

ஏன் எழுதுவதில்லை என்பதை எங்களுக்குச் சொன்னவர், தைத்த பீஸைச் சரிபார்க்கும் ஒரு செக்கிங் அக்கா. "ரெண்டு கையும் பீஸ்ல இருக்கும்போது எங்கீங்க எழுதறது? காது ஒண்ணுதான் சும்மா இருக்குது."

அவ்வளவுதான் விஷயம். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உட்கார்ந்து ராத்திரி எட்டு வரை. ஓவர்லாக் தையல் மெஷினில் இருக்கிற டெய்லர், அயர்ன் மாஸ்டர், பேக்கிங்கில் நிற்கிறவர்கள், சரக்கு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போகிற டிரைவர் என எல்லாருமே மணிக்கணக்காகக் கேட்கிறவர்கள். எழுத நேரமோ கையோ இல்லாதவர்கள். கமெண்ட் போடுகிறவர் பெரும்பாலும் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர். இரண்டு கூட்டமும் ஒன்றல்ல. இதை உணராமல் கமெண்ட்டை வைத்து நிகழ்ச்சியை வளைத்தால், கேட்காதவர்களுக்காக நிகழ்ச்சி நடத்த ஆரம்பித்துவிடுவோம்.

அதனால் தனியாக ஒரு சிம் வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, குரல் பதிவு அனுப்பச் சொன்னோம். சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். ராத்திரி ஒரு மணிக்குத் தொகுதிப் பங்கீடு பற்றிப் பேசக் கூப்பிடுவார்கள். எண்ணை நிகழ்ச்சியின் கடைசியில் சொல்லாமல் நடுவில் சொல்லுங்கள், கடைசிவரை வருகிறவர்கள் குறைவு. "ஒரு நிமிடத்துக்குள்" என்று சொல்லிவிட்டால் ஒன்றரை நிமிடத்தில் முடிப்பார்கள், சொல்லாவிட்டால் ஏழு நிமிடம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வீடு போன பிறகும் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமும் பதிவுகள் குவியும். செவ்வாய், புதனில் அநேகமாக ஒன்றும் வராது. ஆரம்பத்தில் அந்த அமைதியைப் பார்த்து, நிகழ்ச்சி நன்றாக இல்லையோ என்று சித்தி மகன் கவலைப்படுவான். ஊரின் வாரம் எப்படி ஓடுகிறதோ அப்படித்தான் பின்னூட்டமும் ஓடும்.

குரல் பதிவில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. தான் வேலை பார்க்கும் கம்பெனியைப் பற்றி ஒருவர் மனம் விட்டுப் பேசியிருப்பார். அதை அப்படியே ஒலிபரப்பினால், பெயர் சொல்லாவிட்டாலும் சூப்பர்வைசருக்குக் குரல் தெரியும். ஒரே லைனில் உட்கார்ந்திருப்பவர்களும் கேட்கிற நிகழ்ச்சி இது. அதனால் சம்பளம், ஓ.டி., பி.எஃப். பற்றிப் பேசுகிற எந்தப் பதிவையும் நாங்கள் ஒலிபரப்புவதில்லை. செய்தியை மட்டும் எடுத்து, பிரிவையும் ஏரியாவையும் மாற்றி, என் குரலில் சொல்கிறேன். மற்றவற்றுக்கும் "போடலாமா" என்று கேட்டு, "போடுங்க" என்று பதில் வந்த பிறகுதான்.

இந்த வழியாக வந்த பின்னூட்டங்களில் மிகவும் பயன்பட்டது அரசியலோ தொழிலோ அல்ல, ஒலி. "அரசியல் பேசற அண்ணன் பேசறதே கேக்கறதில்லைங்க, நீங்க மட்டும் தனியாப் பேசி, தனியாச் சிரிச்சுக்கறீங்க" என்று ஒருவர் அனுப்பியிருந்தார். கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தோம். அதே மாதிரி இன்னும் இரண்டு மூன்று வந்ததும் விசாரித்தால், கம்பெனிக்குள் யாரும் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டுவதில்லை. கூப்பிட்டால் கேட்க வேண்டும், மெஷின் சத்தம் மாறினால் தெரிய வேண்டும். எங்கள் எடிட்டிங்கில், எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது போல இருக்கட்டும் என்று அவர் குரல் இடப்பக்கமும் என் குரல் வலப்பக்கமும் வைத்திருந்தோம். வலது காதில் மட்டும் மாட்டியிருப்பவருக்கு அவர் இல்லவே இல்லை!

அன்றிலிருந்து மோனோ, அதாவது இரண்டு காதிலும் ஒரே ஒலி. கூடவே ஒரு லாபமும் கிடைத்தது: 64 கேபிபிஎஸ் மோனோவில் ஒரு மணி நேரக் கோப்பு சுமார் 29 எம்பி, 128 கேபிபிஎஸ் ஸ்டீரியோவில் அதன் இரண்டு மடங்கு. டேட்டா பேக்கை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். ஒலி அளவுக்கு ஆப்பிள் பாட்காஸ்ட் பரிந்துரைக்கும் மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ். (சத்தத்தின் அளவுகோல்) பக்கத்தில் வைத்து, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரெஸரைச் சற்றுக் கூடுதலாகவே போடுகிறோம். குரலைத் தாழ்த்திப் பேசும் இடம் ஓவர்லாக் சத்தத்தில் முங்கிவிடக் கூடாது. ஒலி நுணுக்கம் தெரிந்த நண்பர்கள் கேட்டு முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, அவர்கள் அமைதியான அறையில் கேட்கிறார்கள்.

இன்னொரு புகார் அடிக்கடி வரும்: "ஸ்கிரீனை ஆஃப் பண்ணா நின்னுபோகுதுங்க." யூடியூபில் பிரீமியம் கட்டாதவர்களுக்கு அப்படித்தான். நம் தவறில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் போனைத் திறந்தபடி மெஷின் மேல் வைத்துக் கேட்பவருக்குப் பேட்டரியும் போகும், மேஸ்திரி கண்ணிலும் படும். ஸ்பாட்டிஃபை மாதிரி ஆடியோ ஆப்பில் எப்படிக் கேட்பது என்று ஸ்கிரீனைப் பதிவு செய்து, ஒரு நிமிடத்துக்கும் குறைவான வீடியோவாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். கேட்டவர்கள் அதைத் தங்கள் லைனில் இருக்கிறவர்களுக்கு அனுப்பி விடுகிறார்கள். எங்களுக்கு இருக்கிற ஒரே விளம்பரம் அதுதான்.

சரி, அரசியலுக்கு வருகிறேன்.

2025 மார்ச்சில், மக்கள்தொகைக்கு ஏற்ப மக்களவை இடங்களை மாற்றிப் பிரிக்கும் தொகுதி மறுவரையறை பற்றிய பேச்சு சூடாக இருந்தது. மார்ச் 5இல் அப்போது முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் கூட்டிய அனைத்துக் கட்சிக் கூட்டம், 22இல் கேரளம், தெலங்கானா, பஞ்சாப் முதலமைச்சர்கள் சென்னைக்கு வந்த கூட்டம் என்று இரண்டும் அந்த மாதம்தான். நண்பர் நன்றாகத் தயார் செய்துகொண்டு பேசினார். மக்களவையில் மாநிலங்களுக்கான இடங்கள் 1971 கணக்கெடுப்பின்படி நிற்கின்றன. 1976இல் 42ஆவது திருத்தம் அதை உறைய வைத்தது. அப்புறம் 84ஆவது திருத்தம், 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது. 543இல் நமக்கு 39. இவ்வளவுதான் சொன்னார், கொஞ்சம் தன் கருத்தும் சேர்த்து.

கமெண்ட்டில் ஒரு பாதி அவரைத் திமுக என்றது, மறுபாதி பாஜக என்றது. "ரெண்டு பக்கமும் திட்டுறாங்கன்னா நாம நடுநிலைன்னு அர்த்தம்" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். பாட்காஸ்ட் நடத்துகிற பலரும் இதைச் சொல்லித் தங்களைத் தேற்றிக்கொள்கிறார்கள். எனக்கு இதில் சம்மதம் இல்லை. இரண்டு இடங்களில் இரண்டு விதமாகச் சாய்ந்திருந்தாலும் இரண்டு பக்கமும் திட்டும். அரைகுறையாகப் பேசினாலும் திட்டும். திட்டு எத்தனை திசையில் இருந்து வந்தது என்பதை வைத்து நிகழ்ச்சியின் தரத்தைச் சொல்ல முடியாது.

அதற்குப் பதிலாக நான் ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்கிறேன். எழுதியவர், நாங்கள் சொன்ன ஏதாவது ஒரு வரியைக் குறிப்பிடுகிறாரா? குறிப்பிட்டிருந்தால் எவ்வளவு கோபமாக இருந்தாலும் பதில் உண்டு. கட்சியின் பெயரும் எங்கள் பரம்பரையும் மட்டும் இருந்தால், "எந்த இடத்தில் என்று சொல்லுங்கள், திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன்" என்று ஒரு வரி. பெரும்பாலானவர்கள் அதோடு நின்றுவிடுவார்கள், ஏனென்றால் அவர்கள் தலைப்பைத்தான் படித்திருக்கிறார்கள். நிமிடக் கணக்கோடு திரும்பி வருகிறவர் இருக்கிறாரே, அவரை விட்டுவிடாதீர்கள். எங்களிடம் இன்று வாராவாரம் கேட்டுக் குறை சொல்லும் சிலர் அப்படி வந்தவர்கள்தான்.

அந்த மறுவரையறை நிகழ்ச்சிக்கு வந்ததிலேயே நல்ல பின்னூட்டம் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் இருந்து. நீங்கள் எல்லாம் ஏதோ இனிமேல் வரப்போகிற ஆபத்து மாதிரி பேசுகிறீர்கள், நம் மாநிலம் ஏற்கெனவே ஒருமுறை இடங்களை இழந்திருக்கிறது என்றார். உண்மை. 1962 தேர்தலில் 41ஆக இருந்த மக்களவை இடங்கள் 1967இல் 39 ஆயின. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை எடுத்துப் பேசி, குறைந்த இரண்டு இடங்களுக்காக மாநிலத்துக்கு 5,600 கோடி ரூபாய் இழப்பீடு ஏன் தரக் கூடாது என்றுகூடக் கேட்டது. நண்பர் அடுத்த வாரம் முழுப் பகுதியையும் இதற்கே கொடுத்தார். ஆசிரியரின் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, "பேரெல்லாம் வேண்டாம் தம்பி, வருஷத்தச் சரியாச் சொல்லு, போதும்" என்றார்.

சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிற கமெண்ட்டுகளுக்குப் பதிலும் இல்லை, விவாதமும் இல்லை. யூடியூபில் தடைச் சொற்கள் என்று ஒரு பட்டியல் வைக்கலாம். அந்தச் சொல் இருந்தால் கமெண்ட் வெளியே தெரியாமல் நம் பார்வைக்கு நிற்கும். தமிழ் எழுத்தில் மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஒரே வசவை ஆங்கில எழுத்தில் ஐந்தாறு விதமாக எழுதுவார்கள், நடுவில் புள்ளி வைப்பார்கள், எழுத்துக்குப் பதில் எண் போடுவார்கள். பட்டியலை அவ்வப்போது நீட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு வேலையில்தான் நம் மக்களின் கற்பனை வளத்தை முழுசாகப் பார்க்கலாம்.

பேசாமல் இருந்தாலும் பின்னூட்டம் வரும் என்பதை 2025 செப்டம்பர் 27க்குப் பிறகு பார்த்தோம். கரூரில் விஜய் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். கரூர் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. சரக்கு, வேலையாட்கள், கல்யாண சம்பந்தம் என்று எல்லாம் உண்டு. அந்த வாரம் அரசியல் பகுதியையே வெளியிடவில்லை. யாரைக் காப்பாற்றுகிறீர்கள் என்று எல்லாக் கட்சிக்காரர்களும் கேட்டார்கள். எதற்கும் பதில் போடவில்லை. அக்டோபர் 13இல் உச்ச நீதிமன்றம் விசாரணையை சிபிஐக்கு மாற்றிய பிறகு, நீதிமன்றம் என்ன சொன்னது என்பதை மட்டும் வைத்துப் பேசினோம். சாவு நடந்த வாரத்தில் கருத்துச் சொல்லாததற்காக நமக்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். அதை எதிர்பார்த்து அமைதியாக இருக்கவும் கூடாது.

தொழில் பகுதி என் பகுதி என்பதால் சொல்லவில்லை, பின்னூட்டத்தில் உண்மையான சரக்கு அங்கேதான் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது வரி போட்டது. 7ஆம் தேதி முதல் 25 சதவீதம், 27ஆம் தேதி முதல் இன்னொரு 25. திருப்பூருக்கு இது செய்தி இல்லை, வீட்டு விஷயம். இங்கிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 45 ஆயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை போகிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு போலப் போவது அமெரிக்காவுக்கு. நான் கணக்குப் போட்டுச் சொன்னேன்: காட்டன் டிசர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவீத வரி இருக்கிறது. மேலே 50 சேர்ந்தால் 66.5. ஐந்து டாலர் சட்டைக்கு மூன்று டாலர் 32 சென்ட் வரி. பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் அப்போது கூடுதல் வரி 20தான். பையர் யாரிடம் போவான்?

யூடியூபில் அதற்கு வந்தது நாலு வரி மோடி, நாலு வரி டிரம்ப். வாட்ஸ்அப் நிறைந்துவிட்டது.

ஒரு டெய்லர் கேட்டார்: "கம்பெனிக்கு ஆர்டர் போகுதுங்கறீங்க, சரி. எனக்கு மொதல்ல அரை ஷிப்ட் போகுமா, முழு ஷிப்ட் போகுமா, அதச் சொல்லுங்க." நியாயமான கேள்வி. ஆர்டர் குறைந்தால் இங்கே முதலில் நிற்பது ஓ.டி.தான், அப்புறம் அரை ஷிப்ட், அதற்கும் அப்புறம்தான் ஆள் குறைப்பு. ஒரு டெய்லரின் வாரக் கணக்கில் அந்த அரை ஷிப்ட்தான் சீட்டுப் பணமும் பள்ளிக் கட்டணமும். நான் டாலரில் சொன்ன கணக்கை அவர் ஷிப்டில் கேட்டார். அதற்குப் பிறகு எந்தச் செய்தியையும் இரண்டு விதமாகக் கணக்குப் போட்டுத்தான் மைக் முன்னால் உட்காருகிறேன், கம்பெனிக்கு ஒன்று, லைனில் இருக்கிறவருக்கு ஒன்று.

பெரிய கம்பெனிகளிடம் கூலிக்கு ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் சின்ன யூனிட்காரர் ஒருவர் அனுப்பியது கொஞ்சம் காரமாகவே இருந்தது. "நீங்க பேசுனது எக்ஸ்போர்ட்டர் கதைங்க. எனக்கு டிரம்ப் பிரச்சினை இல்ல, தொண்ணூறு நாளா பில் பாஸாகலீங்க, அதான் பிரச்சினை." அவர் சொன்னதை நிகழ்ச்சியில் வாசித்தேன். வாசித்த வாரமே, ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் குரல் பதிவு அனுப்பி, 1961 வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் எச் உட்பிரிவு என்று ஒன்று வந்திருப்பதை விளக்கினார். மைக்ரோ, ஸ்மால் நிறுவனத்துக்குத் தர வேண்டிய பில்லை, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டினால், பணத்தை உண்மையில் கொடுக்கிற வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்டி வரியைக் குறைக்க முடியும். ஆனால் பில் போடுகிற யூனிட்காரர் உத்யம் என்ற சிறு தொழில் பதிவை வைத்திருக்க வேண்டும். வியாபாரிகளுக்கு இது கிடையாது, தயாரிப்பும் சேவையும் செய்கிறவர்களுக்கு மட்டும். இவ்வளவையும் அந்தப் பெண் ஒரு நிமிடம் நாற்பது நொடியில் சொன்னார். நான் சொல்லியிருந்தால் இருபது நிமிடம் ஆகியிருக்கும். அவர் அனுமதியோடு அப்படியே போட்டோம். எங்கள் நிகழ்ச்சியில் அதிகம் பகிரப்பட்ட துண்டு அதுதான்.

இதற்கு நேர் எதிராக, காதர்பேட்டையில் உள்நாட்டு வியாபாரம் செய்பவர்கள், அமெரிக்காவையே பேசிக்கொண்டிருக்கிறீர்களே என்று அலுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அப்போது முக்கியம், செப்டம்பர் 22 முதல் மாறிய ஜிஎஸ்டி. அதுவரை ஆயிரம் ரூபாய் வரையுள்ள ரெடிமேட் உடைக்குத்தான் 5 சதவீதம், அதற்கு மேல் 12. புதிய விதியில் 2,500 ரூபாய் வரை 5, அதைத் தாண்டினால் 18. தீபாவளிச் சரக்கு பழைய விலை ஒட்டி அடுக்கியிருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டார்கள். ஒரே ஊர், ஒரே பனியன், மூன்று விதமான கவலை. "திருப்பூர் பாதிக்கப்பட்டது" என்று பொதுவாகச் சொல்கிற பழக்கம் எனக்கு அந்த மாதத்தோடு போனது.

தொழில் பேசினால் தவறாமல் வருகிற இன்னொன்று: எந்த ஷேர் வாங்கலாம்? எத்தனை அன்பாகக் கேட்டாலும் சொல்லக் கூடாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெறாமல் முதலீட்டு ஆலோசனை தருவது சட்டப்படி தவறு, அது ஒரு பக்கம். நாம் சொல்லி வாங்கி நஷ்டப்பட்டவர் அதே எண்ணுக்குத்தான் அழைப்பார், அது இன்னொரு பக்கம். இதைவிடப் பெரிய தொல்லை, எங்கள் லோகோவைப் போட்டு, எங்கள் பெயரோடு ஓர் எழுத்துச் சேர்த்து, கமெண்ட் போட்டவர்களுக்குக் கீழே "இந்த எண்ணில் தொடர்புகொள்ளுங்கள், பரிசு விழுந்திருக்கிறது" என்று போடுகிற போலிகள். லிங்க் உள்ள கமெண்ட்டுகளை நிறுத்தி வைக்கும் வசதியைப் போட்டிருக்கிறோம். நாங்களாக யாருக்கும் முதலில் செய்தி அனுப்ப மாட்டோம், பணம் கேட்க மாட்டோம் என்பதை மேலே பின் செய்து வைத்திருக்கிறோம். பணம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு அழைக்கச் சொல்கிறோம். அந்த எண்ணை நிகழ்ச்சியிலும் மாதம் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது.

விளையாட்டு இன்னொரு உலகம். கட்சிக்காரரோடு ஒரு டீ குடித்துச் சமாதானமாகிவிடலாம். தோனி ரசிகரோடு முடியாது.

2025 மார்ச் 28, சேப்பாக்கம். ஆர்சிபி 196 அடித்தது. துரத்தும்போது விக்கெட்டுகள் சரிந்துகொண்டிருக்க, அஸ்வின் எட்டாவதாக வந்தார், தோனி ஒன்பதாவதாக. கடைசியில் 16 பந்தில் 30 அடித்தார், சென்னை 50 ரன்னில் தோற்றது. சேப்பாக்கத்தில் சென்னையை 2008க்குப் பிறகு ஆர்சிபி ஜெயித்தது அன்றுதான். "மேட்ச் போன பிறகு அடிச்ச சிக்ஸருக்கு ஏன் இந்த விசில்?" என்று சித்தி மகன் கேட்டுவிட்டான். அவனும் சிறு வயதில் இருந்து மஞ்சள் சட்டை போட்டவன்தான்.

அவனுக்கு வந்ததை இங்கே எழுத முடியாது. பல்லடத்தில் இருக்கும் எங்கள் மாமாகூட அழைத்து, "ஏன்டா, உனக்கு எதுக்கு இந்த வேல" என்று கேட்டார். அரசியல் நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார், என் ஆட்களே தேவலை என்று. அடுத்த சில நாட்களில் பெரிய இடத்திலேயே இது நடந்தது. அஸ்வினின் சொந்த யூடியூப் சேனலில் பேசிய ஒருவர், அஸ்வினும் ஜடேஜாவும் இருக்கும்போது இன்னொரு சுழற்பந்து வீச்சாளராக நூர் அகமதை எடுத்தது தேவையா என்று கேட்கப் போக, அது பெரிய சர்ச்சையானது. அந்த சீசன் முடியும்வரை சென்னை அணியின் ஆட்டங்களைப் பற்றிப் பேசப் போவதில்லை என்று அந்தச் சேனலே அறிவித்தது. அணியில் ஆடுகிறவரின் சேனலுக்கே அந்த நிலைமை. அந்த ஆண்டு சென்னை முதல்முறையாகப் பட்டியலில் கடைசி இடத்தில் முடித்ததும், அன்று திட்டியவர்களில் சிலர் வந்து, அவன் சொன்னதைவிடக் கடுமையாகப் பேசிவிட்டுப் போனார்கள்.

ஆட்டத்தைப் பற்றிய கோபத்துக்கு ஆயுள் அடுத்த ஆட்டம் வரைதான். அதனால் அதற்குள் பதில் போடக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். போட்டால் இருவரும் சூட்டிலேயே பேசுவோம். அடுத்த ஆட்டம் முடிந்த பிறகு பாதிப் பேர் கமெண்ட்டைத் தாங்களே அழித்திருப்பார்கள். இன்னொன்று, ஞாயிறு மதியம் பதிவு செய்து திங்கள் காலை வெளியிடுகிற நிகழ்ச்சியில் ஆட்ட முடிவைப் பேசுவது வீண். ஞாயிறு ராத்திரி ஆட்டம் எங்களை முந்திவிடும். "பழைய பேப்பர் படிக்கிற மாதிரி இருக்கு" என்று ஒரு டிரைவர் சொன்னதற்குப் பிறகு முடிவுகளை விட்டுவிட்டு, ஆட்டத்துக்கு வெளியே இருப்பதைப் பேச ஆரம்பித்தோம்.

அப்படிப் பேசியதில் ஒன்று, 2024 டிசம்பர் 12இல் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரனை ஏழரைக்கு ஆறரை என்று வென்று 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனதைத் திரும்பிப் பார்த்த நிகழ்ச்சி. செஸ் பற்றிக் கேள்வி வரும் என்று பார்த்தால், அவர் தமிழரா தெலுங்கரா என்று கமெண்ட்டில் அடித்துக்கொண்டார்கள். இரண்டு மாநில முதலமைச்சர்களும் எங்கள் பிள்ளை என்று வாழ்த்தியபோதே தொடங்கிய சண்டை அது. எங்கள் ஊரில் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசி, படி இறங்கினால் தமிழ் பேசுகிற குடும்பங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. "எங்க வீட்லயும் தெலுங்குதானுங்க. தாத்தனுக்குத் தாத்தன் காலத்துல இருந்து இங்கதான். அப்ப நான் யாருங்க?" என்று ஒரு நிட்டிங் ஆபரேட்டர் கேட்டிருந்தார். அடுத்த நிகழ்ச்சியில் அதை மட்டும் போட்டு, நாங்கள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போனோம். சில பதிவுகளுக்கு நாம் முன்னுரையும் முடிவுரையும் சேர்த்தால் கெட்டுவிடும்.

எதிர்பாராத வெள்ளம் கபடிக்குத்தான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஆடிய கார்த்திகா, சென்னை கண்ணகி நகர்ப் பெண். அரசு 25 லட்ச ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. சித்தி மகன் இதைப் பேசிய வாரம் குரல் பதிவு அனுப்பியவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதுவும் இதுவரை எங்களுக்கு ஒரு வார்த்தைகூட அனுப்பாதவர்கள். நான் பள்ளிக்கூடத்தில் ரைடர், நான் மாவட்டம்வரை போனேன், கார்னர் பிடிப்பேன் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். விழுப்புரம், புதுக்கோட்டை, தேனி என்று எங்கெங்கிருந்தோ வந்து இங்கே மெஷினில் உட்கார்ந்திருப்பவர்கள். ஒருவர், மண்ணில் ஆடிப் பழகிய பிள்ளைகளை மாவட்டப் போட்டியில் திடீரென்று ‘மேட்’ விரிப்பில் இறக்கினால் கால் வழுக்கும், அதைப் பற்றி யாரும் பேச மாட்டேன் என்கிறீர்களே என்றார். இன்னொருவர், அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறதாமே, என் மகளுக்கு எந்தச் சான்றிதழ் செல்லும் என்று விளக்குங்கள் என்றார். இரண்டுக்கும் தனித்தனி நிகழ்ச்சி தயாராகிக்கொண்டிருக்கிறது. ஒரு உடற்கல்வி ஆசிரியையைப் பேச அழைத்திருக்கிறோம்.

அந்தப் பெண்கள் கேட்ட இன்னொன்றுதான் இப்போது எங்களுக்குள் சண்டை. விளையாட்டைக் கடைசியில் வைத்தால் சாப்பாட்டு மணி அடித்துவிடுகிறது, முதலில் போடுங்கள் என்கிறார்கள். யூடியூபில் அத்தியாயம் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். முதல் நேரக் குறிப்பு பூஜ்யத்தில் தொடங்கி, குறைந்தது மூன்று பகுதி இருந்தால் அது தானாகப் பிரித்துக் காட்டும். ஆனால் கையில் துணி இருக்கிறவர் போனைத் தொட்டு எப்படித் தள்ளுவார்? அரசியல் நண்பருக்கு வரிசையை மாற்றுவதில் துளியும் இஷ்டமில்லை. கடைசியில், ஒரே ஒரு வாரம் மாற்றிப் பார்க்கலாம் என்று இறங்கி வந்திருக்கிறார், அந்த வாரம் சட்டமன்றம் கூடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.